உண்மையா, கருத்தா என்று கேட்பதற்கு முன்

வரலாறும் குடியியற் கல்வியும் படிப்பிக்கிற ஆசிரியர்கள் எல்லாரும் செய்கிற பயிற்சி ஒன்று உண்டு. பலகையில் பத்து வசனம் எழுதி, எது உண்மை, எது கருத்து என்று பிரிக்கச் சொல்வது. தரம் 10, 11 பிள்ளைகள் கடகடவென்று பிரித்துவிடுவார்கள். 'மிகச் சிறந்த', 'அழகான' என்று வந்தால் கருத்து. ஆண்டும் எண்ணும் வந்தால் உண்மை. முழுப் புள்ளியும் கிடைக்கும். அன்றிரவே அதே பிள்ளை, திகதியும் நேரமும் போட்டு வந்த ஒரு பொய்யை வட்ஸ்அப்பில் நாலு குழுவுக்கு அனுப்பிவிடும். நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்திருக்கிறது.

ஒரு கூற்றைச் சரிபார்க்க முடியுமா என்பது ஒரு கேள்வி. சரிபார்த்தால் அது சரிவருமா என்பது வேறொரு கேள்வி. 'இரணைமடுக் குளம் மன்னார் மாவட்டத்தில் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய கருத்தாகிவிடாது, பிழையான தகவல்தான்; குளம் இருப்பது கிளிநொச்சியில். இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். அதனால் என் வகுப்பில் முதலில் வருகிற கேள்வி, 'இதை எங்கே போய்ப் பார்க்கலாம்?' என்பதுதான்.

இதற்கு, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனைவிட நல்ல பாடம் எங்கள் மண்ணில் இல்லை. மூன்று வசனங்களை எழுதுவேன். பண்டார வன்னியன் 1803 ஒக்ரோபர் 31 அன்று இறந்தான். அன்று அவன் முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுப் பக்கத்தில் தோற்கடிக்கப்பட்டான். அவனைப் போல ஒரு வீரன் வன்னியில் பிறக்கவில்லை. முதல் இரண்டும் உண்மை, மூன்றாவது கருத்து என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொல்லும். பிறகு கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய நடுகல்லில் இருந்த வாசகத்தை எடுத்துக் கொடுப்பேன். ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனை இவ்விடத்துக்கு அருகில் தோற்கடித்தான் என்று சொல்லி, அந்தத் திகதியைப் போட்டிருக்கிறது. சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அப்ப ஏன் ரீச்சர் அது செத்த நாள் எண்டு சொல்லுகினம்?" என்று யாராவது கேட்கும். பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கல்லை நாட்டினது யார்? வென்றவர்கள். அதற்காகக் கல் முழுவதும் பொய் என்று தள்ளிவிடலாமா? திகதியை மாற்றி எழுதுவதால் அவர்களுக்கு என்ன லாபம்? தோற்ற பக்கம் என்ன சொல்லியிருக்கும்? மூன்றாவது வசனத்தையும் நான் சும்மா விடுவதில்லை. அது கருத்துத்தான். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்ட்டில் முல்லைத்தீவுக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் படையை அவன் தாக்கி விரட்டியதைக் காட்டி அந்தக் கருத்துக்காக வாதாடலாம். 'அது என்ர கருத்து, விடுங்கோ' என்று பிள்ளை கையைக் கழுவ நான் இடம் கொடுப்பதில்லை. கருத்துச் சொன்னால் காரணமும் சொல்லவேண்டும்.

கிளிநொச்சியில் வந்த 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி இன்றைக்கும் வீடுகளில் பேச்சு உண்டு. 'இரணைமடு வான்கதவைப் பிந்தித் திறந்தபடியால்தான் வெள்ளம் வந்தது' என்ற ஒரே வசனத்தைக் கொடுத்து உடைக்கச் சொல்வேன். எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்கும். எவ்வளவு மழை என்பதற்கு அளவு இருக்கும். அந்த நேரம் 'பிந்தி'த்தானா என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்ல, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் வந்தால் கதவு திறக்கவேண்டும் என்ற ஒழுங்கும் தெரிந்திருக்கவேண்டும். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இதில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

எனக்கு மிகவும் கவலை தருகிற விடயம் வேறு. இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு 2009 இல் முடிந்த போர் நேரடி நினைவில் இல்லை. அதைப் பற்றி அவர்கள் அறிந்தது முழுக்க வீட்டில் கேட்டது. ஒரு பிள்ளை கொப்பியில் 'அம்மம்மா சொன்னவ' என்று எழுதிவிட்டு வெட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "அது கருத்துத்தானே ரீச்சர்" என்றது.

அது கருத்தே இல்லை. போரின் கடைசி மாதங்களில் சனம் ஒதுங்கியிருந்த முல்லைத்தீவுக் கரையோர ஊர் வலைஞர்மடம். 'வலைஞர்மடத்தில் நான் கஞ்சிக்கு வரிசையில் நிண்டனான்' என்று ஒரு அம்மம்மா சொன்னால் அது கண்கண்ட சாட்சி. பத்திரிகையில் வராததால், புத்தகத்தில் இல்லாததால் அது குறைந்துபோவதில்லை. 'அண்டைக்கு ஒருத்தருக்கும் கஞ்சி கிடைக்கேல்லை' என்று அவரே சொன்னால், அதில் அவர் கண்டதோடு மற்றவர்களிடம் கேட்டதும் கலந்திருக்கலாம். கண்டது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுதப் பழக்குகிறேன். அப்படிப் பிரித்தால் சாட்சி இன்னும் உறுதியாகும், எந்த விசாரணைக்கும் நின்று பதில் சொல்லும்.

ஆனால் இதை வீட்டுவேலையாகக் கொடுக்கவே கூடாது. பாட்டியிடம் போய்க் கேட்டு வா என்று பிள்ளையை அனுப்பினால், மூடியிருந்த காயத்தை யார் திறக்கிறார்கள், பிறகு யார் பக்கத்தில் இருப்பார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. அவர்களாகச் சொன்னதை மட்டும் எடுங்கள். மற்ற ஆசிரியர்களிடம் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று, பரீட்சைக்குப் பழகிய பிள்ளைக்கு மிகக் கடினமானது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கமக்காரருக்கு வருகிற சிறுநீரக நோய்க்கு எது காரணம்? கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, களைநாசினி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பலதையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2015 இல் அரசு கிளைபோசேட் என்ற களைநாசினியைத் தடைசெய்தும் பார்த்தது. காரணம் என்று ஒன்று நிச்சயம் இருக்கிறது, அது யாருடைய விருப்பத்தையும் பொறுத்ததில்லை. ஆனால் இன்னும் முடிவாகவில்லை. 'இப்போதைக்குத் தெரியாது, இன்ன இன்ன சந்தேகங்கள் இருக்கின்றன' என்று எழுதுகிற பிள்ளைக்கு என் வகுப்பில் முழுப் புள்ளி.