விடிகாலையில் முடுக்கும் மீன்கள்

மாசி பிறந்துவிட்டால், கோவை ஈரோட்டுப் பக்கம் மொட்டை மாடியில் கோல்ட் ஃபிஷ் வளர்ப்பவர்கள் பொழுது விடியும் நேரத்தில் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். மார்கழி, தை இரவுகளில் குளிர்ந்து கிடந்த தண்ணீர் மெல்லச் சூடேறும் மாதம் அது. எங்கள் சிமெண்டுத் தொட்டியில் மீன்கள் முட்டையிடுவதை முதலில் கவனித்தது அம்மாயிதான், அம்மாவைப் பெற்ற பாட்டி. "ஏங்கண்ணு, ரெண்டு மீனு சேந்துக்கிட்டு ஒண்ணப் போட்டு இந்த முடுக்கு முடுக்குது, பிரிச்சு உடு சாமி" என்று எழுப்பினார். நானும் சண்டை என்றே நினைத்து, மாட்டிக்கொண்ட மீனைப் பிடித்து வாளியில் விட்டேன். முட்டையிட வந்த பெண் மீன் அது.

அந்த முடுக்கலுக்கான, அதாவது துரத்தலுக்கான, ஏற்பாடு முந்தின நாளே நடந்து முடிந்திருக்கும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டு, முட்டை ஒட்டுவதற்குப் பாசியும் இருந்தால், சினை முற்றிய பெண் மீனின் பிட்யூட்டரி சுரப்பி மதியத்துக்கு மேல் ஒரு ஹார்மோனை வெள்ளமாகச் சுரக்கும். ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து, இருட்டு விலகுமுன் முட்டைகள் சூலகத்திலிருந்து விடுபடும். இடைப்பட்ட இரவில் அவள் உடலில் உருவாகும் ஒரு ஸ்டீராய்டு தண்ணீரில் கசிகிறது. ஆண் மீன்கள் அதை மோப்பம் பிடித்ததும் அவற்றின் உடலில் விந்து பெருகுகிறது. முட்டை விடுபட்ட பிறகு வேறொரு பொருள் கசியும். அதன் பெயர் புரோஸ்டாகிளாண்டின். பெண்ணை முட்டையிடத் தூண்டுவதும் அதுதான், தண்ணீரில் கலந்து ஆண்களை முடுக்க வைப்பதும் அதுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் நார்மன் ஸ்டேசியும் பீட்டர் சோரன்சனும் 1980களில் இதைப் படிப்படியாக விளக்கினார்கள்.

பவானிசாகர் பக்கம் பண்ணைகளில் வளரும் கட்லாவும் ரோகுவும் இதே கெண்டைக் குடும்பம். ஆனால் அவை ஆற்றில் புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். குளத்தில் அடைத்தால் ஹார்மோன் ஊசி வேண்டும். 1957இல் மீன் விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி ஒடிசாவில் அந்த ஊசியை வெற்றிகரமாகப் போட்டுக் காட்டிய பிறகுதான் நம் மீன்பண்ணைகளுக்கு விடிவு வந்தது. கோல்ட் ஃபிஷ்ஷின் மூதாதையோ தேங்கிய, பாசி படர்ந்த நீரில் முட்டையிட்ட இனம். அதனால் அதற்குச் சிமெண்டுத் தொட்டியே போதும்.

ஆணை அடையாளம் காண்பது எளிது. செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் வெள்ளை வெள்ளையாகச் சிறு மணிகள் எழும்பியிருக்கும். வெண்புள்ளி நோய் என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். நோயாக இருந்தால் புள்ளிகள் உடம்பெங்கும் வால்வரை சிதறியிருக்கும்.

முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரே காலையில் சில நூறு, பெரிய மீனாக இருந்தால் ஆயிரத்துக்கும் மேல் இடும். வேலம்பாசியிலோ ஆகாயத்தாமரை வேரிலோ அவை பசைபோல் ஒட்டிக்கொள்ளும். முடுக்கல் ஓய்ந்ததும் தாய், தகப்பன் இரண்டுமே முட்டைகளைத் தேடித் தின்னத் தொடங்கும். பாசியை அப்படியே எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். 25 டிகிரியில் மூன்று நாளுக்குள் குஞ்சு பொரிக்கும். கருவுறாத முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். அவற்றைப் பொறுக்கி எறிவது நல்லது.

பொரித்த குஞ்சு ஓர் இமைமயிர் அளவுதான் இருக்கும். முதல் இரண்டு நாள் தொட்டிச் சுவரில் ஒட்டித் தொங்கும். வயிற்றில் மஞ்சள் கரு இருப்பதால் அப்போது தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும். பிறகு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதைக்கொண்டு நீந்தும் பையை நிரப்பிக்கொள்கிறது. நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருந்தால் இது நடக்காது. குஞ்சு அடியிலேயே தவழும்.

பெரும்பாலோர் தோற்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போய்விடும், சேர்த்து வைக்க இடமில்லை. காலையில் ஒருவாட்டி நிறையப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் மதியத்துக்குள் குஞ்சு பட்டினி, மிச்சத் தீனி அழுகி அம்மோனியா. கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு நாலைந்து முறை போட வேண்டும். வேகவைத்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விடும் பழக்கம் உண்டு. அவசரத்துக்கு ஆகும், ஆனால் ஒரு சொட்டு கூடினாலும் தண்ணீர் கெட்டுவிடும். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையை உப்பு நீரில் 28 டிகிரியில் காற்றோட்டத்தோடு வைத்தால் ஒரே நாளில் பொரிக்கும். மாசி, பங்குனியில் நம் ஊரில் அதற்கு ஹீட்டர்கூட வேண்டியதில்லை. உயிரோடு துள்ளும் அந்தத் தீனியைக் குஞ்சுகள் பாய்ந்து தின்பதைப் பார்க்கவே மனசு நிறையும். வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும்.

தண்ணீரைத் தினம் கொஞ்சம் மாற்றுங்கள். போர் உப்புத் தண்ணியைக் கோல்ட் ஃபிஷ் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். குழாயில் வரும் நல்ல தண்ணியில் இருக்கும் குளோரின்தான் குஞ்சைக் கொல்லும். அதைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு ஊற்றுங்கள்.

குஞ்சுகள் எல்லாம் மங்கிய பழுப்பாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். கறுப்பு நிறமிச் செல்கள் அழிய அழியத்தான் அடியிலிருந்து பொன்னிறம் தெரியும். அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், சில மீன்கள் கடைசிவரை மாறவே மாறாது. எங்கள் தொட்டியில் அப்படி இரண்டு இருக்கின்றன. அம்மாயி தினமும் தீனி போடும்போது முதலில் அவை இரண்டையும்தான் தேடுவார்.