சளிக் குப்பியில் எச்சில் இருந்தால் கிருமி பிடிபடாது

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் சளிக் குப்பிகளில் பலவற்றைத் திறந்ததுமே, உள்ளே இருப்பது நெஞ்சுச் சளி அல்ல, வெறும் எச்சில் என்பது தெரிந்துவிடுகிறது. நுரையீரல் தொற்றின் கிருமியை அடையாளம் காண இன்று எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் பரிசோதனை இந்த முதல் படியிலேயே தடுக்கி விழுவதை அடிக்கடி பார்ப்பதால், நோயாளிகளும் உடன் வருபவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சளியில் சிறிதளவை ஸ்லைடில் தடவி, பாக்டீரியாக்களை ஊதா, இளஞ்சிவப்பு என வகை பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றி, முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கிறோம். மைக்ரோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் கண்ணில் படும் வட்டத்துக்குள், வாயிலிருந்து உதிர்ந்த தட்டைச் செல்கள் 10-க்குக் குறைவாகவும் சீழ்ச் செல்கள் 25-க்கு மேலாகவும் இருந்தால் அது நல்ல மாதிரி. தட்டைச் செல்களே நிறைந்திருந்தால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) போடாமல் மறு மாதிரி கேட்கிறோம். ஏனென்றால் வாயில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களை வளர்த்து அறிக்கையில் எழுதினால், நோயாளிக்குத் தேவையற்ற மருந்துதான் போய்ச் சேரும்.

நல்ல சளி கிடைத்துவிட்டால் ஸ்லைடே பாதி விடையைச் சொல்லிவிடும். நிமோனியாவை அதிகம் உண்டாக்கும் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, முனை கூரான ஊதா நிறக் கோளங்களாக, இரண்டிரண்டாகச் சேர்ந்து, சுற்றிலும் சாயம் ஏறாத உறையோடு தெரியும். கிருமி வளர்க்கும் ஊடகமான ரத்த அகாரில் வளர்ந்தால் அதைச் சுற்றிப் பச்சை படரும். தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும் நொதி அதற்கு உண்டு என்பதால், நாளாக ஆக அதன் கூட்டம் நடுவே குழிந்து கேரம் காய்போல் ஆகிவிடும். சர்க்கரை நோயாளிகளிடமும் மதுப் பழக்கம் உள்ளவர்களிடமும் நாங்கள் தேடும் கிளெப்சியெல்லா பாக்டீரியாவோ தடித்த இளஞ்சிவப்புக் குச்சிகளாக இருக்கும். மெக்கான்கி அகார் என்ற இன்னொரு ஊடகத்தில் அதன் கூட்டம் கொழகொழவென்று வளரும்.

ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே என்ற பாக்டீரியா, ஆட்டு ரத்த அகாரில் தனியே வளராது; ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியாவைக் கோடாக இழுத்து வைத்தால் அந்தக் கோட்டை ஒட்டி மட்டும் வளரும். ஃபுளூவுக்கு இதுவே காரணம் என்று 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் கருதியதால் வந்த பெயர் இது. உண்மைக் காரணம் வைரஸ் என்பது 1933-இல்தான் உறுதியானது. மைக்கோப்ளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. எனவே அது கிராம் சாயத்தை ஏற்காது. செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை மருந்துகளும் அதனிடம் பலிக்காது. ஸ்லைடில் எதுவும் தெரியவில்லை என்பதாலேயே தொற்று இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது காசநோய்க் கிருமிதான். அதன் சுவர் கொழுப்பு மிகுந்தது. சூடாக்கி ஏற்றிய சிவப்புச் சாயத்தை அமிலம் ஊற்றினாலும் விடாது, நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சியாகத் தெரியும். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் ஸ்லைடில் கண்ணில் படும். ஒருமுறை பிரியவே 15 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதால் கல்ச்சரில் வளர வாரக்கணக்கில் ஆகிறது. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவியோ மிகக் குறைந்த கிருமிகளையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கண்டறிந்து, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அவை கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிப்பவர்கள் அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம். அப்படியிருக்க, பலர் மருந்துக்கடையில் லிவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கி விழுங்கிவிட்டு வருகிறார்கள். அம்மருந்து காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அடக்கி வைக்கும். இருமல் சற்றுக் குறையும், நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும், அதுவரை வீட்டிலுள்ளவர்களுக்கும் அது பரவிக்கொண்டிருக்கும்.

ஆகவே ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, முடிந்தவரை காலையில் எழுந்ததும் மாதிரி கொடுங்கள். மூச்சுத் திணறலோ கடும் காய்ச்சலோ இருந்தால் மட்டும் பரிசோதனைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, பிறர் இல்லாத திறந்த வெளியில் நின்று, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். கெட்டியாகவோ மஞ்சளாகவோ இரண்டு மில்லிலிட்டராவது சேர வேண்டும். மூடியை இறுக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் ஒப்படையுங்கள். தாமதமானால் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் செத்துவிடும், வாயின் பாக்டீரியாக்கள் பெருகிவிடும்.