குமரியைப் படமெடுக்கிறவர்களுக்கு ஒரு எடிட்டரின் வேண்டுகோள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிற இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், கல்யாண ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கைக்காசைப் போட்டு எடுக்கிறார்கள். அந்த ஆர்வத்தைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. நாகர்கோவிலில் எடிட்டிங் செய்கிறவன் என்பதால் அவர்கள் எடுத்து வரும் ஃபுட்டேஜ் முழுவதையும் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. படமாக வெளியே போவது பத்து நிமிடம். மீதியெல்லாம் ஹார்ட் டிஸ்கில் கிடந்து, இடம் போதவில்லை என்று ஒருநாள் அழிக்கப்படும். அழிகிற அந்த மீதியில்தான் பெரும்பாலும் நம் ஊர் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ட்ரோன். வள்ளுவர் சிலையை ஒரு சுற்று, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம், மாத்தூர் தொட்டிப்பாலம், முப்பந்தல் காற்றாலைகள். வரும் படங்களில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாலமும் சிலையும் நாளைக்கும் அங்கேயே நிற்கும். ஒரு பனையேறியின் கைப்பழக்கம் அப்படி நிற்காது.

பனையேற்றத்தை எடுத்துவந்த எல்லாரும் மரம் ஏறுவதை எடுத்திருக்கிறார்கள். கீழிருந்து ஒரு ஷாட், மேலிருந்து ட்ரோனில் ஒரு ஷாட், வேர்வை வழியும் முகம். ஏறுவது வேலைக்குப் போகிற வழி மட்டும்தான். வேலை மேலே பாளையில் நடக்கிறது. பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், சீவாமல் விட்டால் ஊறல் நின்றுபோகும். காலையும் மாலையும் இது நடக்கிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறாரே, அது இல்லாவிட்டால் அக்கானி, அதாவது பதநீர், புளித்துக் கள்ளாகிவிடும். எவ்வளவு தடவுவது என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். ஒருமுறை வந்த ஃபுட்டேஜில் பக்கத்து மரத்திலிருந்து எடுத்த ஒரு ஷாட் இருந்தது. சீவுவது, கலயம் மாற்றுவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வெட்டே இல்லாமல் ஆறேழு நிமிடம் ஓடியது. படத்தில் நான்கு விநாடி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். முழு ஷாட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி அவர்களிடம் கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அதே படத்தில் அக்கானியைக் காய்ச்சும் பெண்கள் எங்கே என்று கேட்டேன். எடுக்கவில்லை என்றார்கள். அடுப்பு முன்னால் மணிக்கணக்கில் நின்று, பாகு பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குகிறவர்கள் அவர்கள். தொழிலின் பாதியே படத்தில் இல்லை. ஒரு வேலையை எடுக்கப் போனால் அது தொடங்கும் இடத்திலிருந்து விற்கும் இடம் வரை யார் யார் கை படுகிறது என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

அப்புறம் சத்தம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை. சீவும் அருவாளின் சத்தத்தின் மேல் பிஜிஎம் போட்டுவிடுகிறார்கள். பிஜிஎம் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ரசனை கிடையாது, பதிவான சத்தம் கெட்டிருப்பதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றில் சாதாரண மைக்கை நீட்டினால் கிடைப்பது வெறும் இரைச்சல். மைக்குக்கு ரோமக் கவசம் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. வேலை செய்கிறவருக்குக் காலர் மைக், சுற்றுச்சத்தத்துக்குத் தனி ரெக்கார்டர். கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டில் அந்த ஒரு நிமிடம் எத்தனை வெட்டுகளை மறைக்கும் என்பது உட்கார்ந்து ஒட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

கடற்கரையில் வேறு சிக்கல். நம் கரைக்கடல் மீனவர்கள் கடலுக்கடியில் இருக்கும் ‘பார்’ என்கிற பாறைத்திட்டைக் கருவி இல்லாமலே கண்டுபிடிப்பார்கள். மலை முகடு ஒன்றையும் கரையிலுள்ள கோபுரம் ஒன்றையும் நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில் அந்தப் பார் இருக்கும். இதைக் கணியம் என்பார்கள். ஒரு பெரியவர் இதை விளக்கும் பேட்டி என்னிடம் வந்தது. அவர் கையை நீட்டி, ‘இந்தா, இதும் அதும் சேரணும்’ என்கிறார். கேமராவோ அவர் முகத்தின் சுருக்கத்தில் நிற்கிறது. கை எங்கே நீட்டியது, எது இது, எது அது, ஒன்றும் தெரியவில்லை. உணர்ச்சிக்காக குளோசப் வைத்தோம் என்றார்கள். அவர் அங்கே தந்தது அறிவு. அந்த அறிவுக்குச் சட்டகம் அகலமாக இருக்க வேண்டும், மலையும் கோபுரமும் கையும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயல் பற்றி என் கைக்கு வந்த பேட்டிகளிலும் இதே குறைதான். அழுகை நிறைய இருக்கிறது. அன்று காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் திரும்பியது, நீவாடு என்கிற கடல் நீரோட்டம் எப்படி இருந்தது, கவிழ்ந்த வள்ளத்தை எப்படிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கச்சான் என்கிற மேற்குக் காற்றையும் கொண்டல் என்கிற கிழக்குக் காற்றையும் உடம்பால் அறிந்தவர்களிடம் ‘எப்படி உணர்ந்தீர்கள்’ என்று மட்டும் கேட்டுவிட்டு வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் பதிவு செய்யலாம். எல்லாவற்றையும் வெளியிடலாமா? கூடாது. ஒரு பார் எங்கே இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்தின் சோறு. விளக்குவதற்குச் சம்மதித்தவர் உலகத்துக்கே காட்டச் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மலைகளில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் மருந்துச் செடிகளிலும் இதே கவனம் வேண்டும். நம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிகள் களைப்புத் தீர மென்ற செடிதான் ஆரோக்கியபச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்து, வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு என்று ஏற்பாடானது. ஒரு செடியின் பெயருக்குப் பின்னால் அவ்வளவு இருக்கிறது. ஆகவே செடியின் குளோசப்பையும் கிடைக்கும் இடத்தையும் காட்டும் முன், சொன்னவரிடம் மட்டுமில்லாமல் குடியிருப்பில் பெரியவர்களிடமும் கேளுங்கள். வனவிலங்கு சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். சிதறால் சமணக் கோயில், பத்மநாபபுரம் அரண்மனை போன்ற இடங்களுக்கும் உரிய துறையிடம் முன்னதாகவே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கேமரா முன்னால் உட்கார்ந்ததும் நம் ஆட்கள் மேடைத்தமிழ் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். மாவட்டத்தின் மேற்கே உள்ள விளவங்கோட்டுக்காரரும் கிழக்கே உள்ள தோவாளைக்காரரும் ஒரே மாதிரி பேசினால் என்ன பதிவு அது? நாற்காலி போட்டு உட்காரவைக்காமல் வேலைக்கு நடுவே பேச்சுக் கொடுங்கள். கேள்வி கேட்கிறவர் அந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. பேட்டி முடிந்தது என்று சொன்ன பிறகும் அவருக்குத் தெரிந்தே கேமராவை ஓடவிடுங்கள். தோல்பாவைக்கூத்தை எடுக்கிறவர்களும் திரைக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். அதிலும் எல்இடி விளக்கை முன்னாலிருந்து அடித்து, பின்வெளிச்சத்தில் வாழும் பாவையைக் கொன்றுவிடுகிறார்கள். திரைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ராமனுக்கும் ராவணனுக்கும் ஒருவரே குரல் கொடுத்துக்கொண்டு, இடையில் வீட்டாரிடம் அவர்கள் வீட்டுமொழியான மராத்தியில் ஏதோ சொல்லி அடுத்த பாவையை வாங்கிக்கொள்வார். பல நாள் இரவு நடக்கும் ராமாயணத்தில் ஒரு இரவையாவது முழுதாகப் பதிவு செய்யுங்கள்.

புதிதாக எடுப்பது ஒரு பக்கம். ஏற்கெனவே எடுத்தது வீடுகளில் கிடக்கிறது, அதுதான் இன்னும் அவசரம். 2004 டிசம்பர் 26க்கு முன்னால் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எப்படி இருந்தன? சுனாமிக்கு முந்தைய கல்யாண வீடியோக்களில் தெரியும். பெண்ணழைப்புக்குப் பின்னால் கரையில் கிடக்கும் கட்டுமரம், அப்போதிருந்த மணல்வெளி, பழைய கோயில், பெரியவர்கள் பேசிக்கொள்ளும் குரல் எல்லாம் அந்த விஎச்எஸ் கேசட்டில் இருக்கின்றன. யாரும் ஆவணமாக எடுக்கவில்லை, ஆனால் அதைவிட நல்ல ஆவணம் நம்மிடம் இல்லை. இரண்டு பருவமழை பெய்கிற ஊர் இது. கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் மேலுள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள். டேப்பும் கிழியும், பிளேயரின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்தக் கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியைத் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. ஓடுகிற கருவி ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது.

எடுத்த ஃபுட்டேஜுக்கும் இதே கதி வரக்கூடாது என்றால் மூன்று பிரதி வேண்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில், ஒன்றாவது வேறு ஊரில். யூடியூபில் இருக்கிறதே என்று விடாதீர்கள், அது சுருக்கப்பட்ட பிரதி. ஃபோல்டருக்குள் ஒரு சின்னக் குறிப்பு: தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், அவர் எதற்குச் சம்மதித்தார், எதற்குச் சம்மதிக்கவில்லை. ‘ஃபைனல் 2 புதுசு’ என்று பெயர் வைத்த ஃபோல்டரில் இருப்பவர் யார் என்று இருபது வருடம் கழித்து ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு பிரதி, படத்தில் வருகிறவர் வீட்டுக்கு. லிங்க் அனுப்பினால் போதாது. நேரில் போய் ஒரு பென் டிரைவில் கொடுங்கள், வெட்டாத பேச்சு முழுவதையும் சேர்த்து. பழைய டிவிகளில் 4கே ஓடாது, 1080 அளவில், எச்.264 என்கிற வீடியோ வகைக் கோப்பாக மாற்றுங்கள். பல டிவிகள் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவை மட்டும்தான் படிக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது, பிரித்துப் போடுங்கள். அவர்கள் வீட்டு டிவியிலேயே செருகி, படமும் சத்தமும் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.