ஐஜிஜி பாசிட்டிவ் என்றதும் கலங்காதீர்கள், அந்த 21 நாளைத் தவறவிடாதீர்கள்

மூன்று மாதக் கர்ப்பிணி ஒருவர் மாமியாரோடு வந்தார். கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான டார்ச், அதன் நாலாக மடித்த ரிப்போர்ட்டில் 'சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ்' என்ற வரியை யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். "கலைச்சிடணுமா டாக்டர்?" என்று மாமியார்தான் கேட்டார், அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

நம் ஊரில் இந்த டெஸ்ட் எடுத்தால் பத்தில் ஒன்பது பெண்களுக்கு ஐஜிஜி பாசிட்டிவாகத்தான் வரும். சிறு வயதில் சிஎம்வி என்கிற சைட்டோமெகலோ வைரஸ் எப்போதோ வந்து போயிருக்கிறது, அதன் தடமாக ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். புதுத் தொற்றின் அடையாளமாகப் பார்க்கப்படும் ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் அவசரப்படக் கூடாது; அது பல மாதம் நீடிக்கும், சில நேரம் பொய்யாகவும் காட்டும். அப்போது ஐஜிஜி அவிடிட்டி, அதாவது அந்த எதிர்ப்புப் பொருள் வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் அது அதிகமாக இருந்தால் தொற்று பெரும்பாலும் கருத்தரிப்பதற்கு முன்பே வந்தது. குறைவாக இருந்தால் புதிது, அப்புறம் ஸ்கேன், 20 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் பிசிஆர். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மருந்தும் உண்டு: 2020இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில் தினமும் 8 கிராம் வாலசைக்ளோவிர் எடுத்த தாய்மாரில் 11 சதவீதம் பேரின் குழந்தைக்குத்தான் தொற்று போனது, எடுக்காதவர்களில் 30 சதவீதம்.

அந்தப் பெண்ணுக்கு ஐஜிஎம் நெகட்டிவ். கலைக்க ஒரு காரணமும் இல்லை என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.

ஆனால் ஏற்கெனவே வந்து போன வைரஸ் கர்ப்பத்தில் மறுபடி தலைதூக்கலாம், புதிதாக இன்னொரு வகையும் தொற்றலாம். நம் நாட்டில் பாதிக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட தாய்மாருக்குத்தான் பிறக்கிறார்கள். அதனால் குழந்தையைப் பார்க்க வேண்டும். எடை குறைவு, சிறிய தலை, தோலில் ஊதாப் புள்ளிகள், இறங்காத மஞ்சள் காமாலை, காது டெஸ்டில் ஃபெயில், இதில் எது இருந்தாலும் 21 நாளுக்குள் சிறுநீரில் சிஎம்வி பிசிஆர். அதற்குப் பிறகு பாசிட்டிவ் வந்தால் வயிற்றிலேயே தொற்றியதா, தாய்ப்பாலில் வந்ததா என்று பிரிக்க முடியாது.

14 மாதப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். "கதவு படார்னு சாத்தினாலும் தூங்குவான், சமத்துன்னு நினைச்சோம்" என்றார் அம்மா. பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டில், கடைசி வரியில், சின்ன எழுத்தில்: 'காது பரிசோதனை, திரும்பச் செய்யவும்'. யாரும் செய்யவில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அந்த வயதில் சிறுநீர் எடுத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. சிஎம்வி என்று முதல் மாதத்திலேயே தெரிந்திருந்தால், பாதிப்பைப் பொறுத்து, வால்கான்சைக்ளோவிர் மருந்தை ஆறு மாதம் கொடுத்து, வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று ரத்தம் பார்த்துக்கொண்டே போயிருக்கலாம். இப்போது அவனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை) செய்ய ஏற்பாடு நடக்கிறது.

தொற்றோடு பிறக்கும் பத்தில் ஒன்பது குழந்தைகள் பார்க்க நன்றாகவே இருப்பார்கள், ஆனால் அவர்களிலும் சிலருக்குப் பின்னால் காது மந்தமாகும், அதனால் தொற்று உறுதியானால் பள்ளி வயதுவரை காது பார்க்க வேண்டும். மூத்த குழந்தை உள்ள கர்ப்பிணிகள் அதன் எச்சில் சோற்றைச் சாப்பிடாதீர்கள், டயப்பர் மாற்றியதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

வீட்டில் பச்சிளங்குழந்தை இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டை இன்றைக்கே எடுத்துக் காது டெஸ்ட் வரியைப் படியுங்கள்.