கவர்னர்: ஆளுநரா, மீகாமனா?

கழற்றிப் போட்ட கார் இன்ஜினை ஒரு சட்டத்தில் ஏற்றி, நான்கு காந்த முனைகள் உள்ள ஜெனரேட்டர் ஒன்றைக் கோத்தாயிற்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேண்டுமென்றால் அது நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்ற வேண்டும். ஆக்சிலரேட்டர் கம்பியை அந்த அளவுக்கு இழுத்துக் கட்டுகிறீர்கள். பல்பு அழகாக எரிகிறது. தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் இன்ஜின் முக்கிக்கொண்டு இறங்குகிறது, பல்பு மங்குகிறது. கம்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சமாளிக்கிறீர்கள். யாரோ மோட்டாரை அணைக்கிறார்கள். சுமை போன வேகத்தில் இன்ஜின் அலறி மேலேற, பல்பு ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிட்டுப் போய்ச் சேர்கிறது.

சாலையில் இந்தத் தொல்லை தெரிவதில்லை. மேட்டில் மிதித்து, இறக்கத்தில் காலை எடுக்க ஓட்டுநர் இருக்கிறார். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் அந்தக் காலின் வேலையைச் செய்வதுதான் கவர்னர். காரில் க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பார்ப்பது வண்டியின் வேகத்தை. நிற்கிற வண்டியில் அதற்கு வேலையே இல்லை.

பழைய வகைக் கவர்னரின் உள்ளே இரண்டு எடைக்குண்டுகள் இன்ஜினோடு சேர்ந்து சுழலும். வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து, இன்ஜினுக்குள் போகும் எரிபொருள் கலவையைக் கூட்டிக் குறைக்கும் அடைப்பான த்ராட்டிலை மூடும் பக்கம் தள்ளும். வேகம் குறைந்தால் உள்ளே ஒடுங்கும். அப்போது ஸ்பிரிங் கை ஓங்கி த்ராட்டிலைத் திறக்கும். குண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே ஓயாத இழுபறி, அவ்வளவுதான். முழுச்சுமையில் 1500 சுற்று ஓடுவது சுமையே இல்லாதபோது 1575 வரை போகும். இந்த 5 சதவீத வேறுபாட்டை 'ட்ரூப்' என்பார்கள். தமிழில் 'தொய்வு' கச்சிதமாகப் பொருந்துகிறது.

காற்றாலை மாவு மில்களில் ஏற்கெனவே இருந்த இந்த உத்தியை 1788-இல் நீராவி இன்ஜினுக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வாட். சொல்லோ அவரைவிட மிகப் பழையது. கிரேக்கத்தில் 'குபெர்னான்' என்றால் கப்பலைத் திசைபிடித்துச் செலுத்துதல், செலுத்துகிறவர் 'குபெர்நேத்தேஸ்'. அது லத்தீனில் 'குபெர்னாரே' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. லத்தீனில் முதல் எழுத்து 'k' ஒலியிலிருந்து 'g' ஒலிக்கு மாறியது. நம் 'க' இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுவதால் தமிழில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. நாட்டை ஆள்பவர் என்ற பொருள் பின்னால் வந்த உவமை. 1948-இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், கட்டுப்பாட்டையும் தகவல் தொடர்பையும் ஆராயும் தம் புதிய துறைக்கு 'சைபர்னெட்டிக்ஸ்' என்று பெயரிட்டபோது, இதே கிரேக்க வேரைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆகவே இயந்திரக் கவர்னரை 'ஆளுநர்' என்று பெயர்ப்பது, அதிகாரம் செய்யாத ஒன்றுக்கு மாளிகை கட்டிக் கொடுப்பது போல. வேரோடு ஒத்த சொல் நம்மிடம் உண்டு: மீகாமன், அதாவது கப்பல் செலுத்துபவன். அகநானூற்றின் 255-ஆம் பாடலில் அதே பொருளில் வரும் 'நீகான்', மாடத்தில் எரியும் விளக்கைக் குறிவைத்துக் கலத்தைச் செலுத்துகிறான். குறித்த புள்ளியிலிருந்து விலகினால் திருத்துவது, கவர்னர் செய்வதும் அதுவேதான். ஆனாலும் உதிரிபாகக் கடையில் போய் மீகாமன் கேட்க எனக்குத் துணிவில்லை.

'வேகக் கட்டுப்படுத்தி' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. லாரியில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகவிடாமல் தடுக்கும் கருவிக்கு அது சரி. இங்கே கருவி தடுக்க மட்டும் செய்வதில்லை. தளர்ந்தால் தூக்கியும் விடுகிறது. 'கட்டுப்படுத்தி' என்றால் பாதி வேலை காணாமல் போகிறது. 'வேகங்காப்பி' என்று முயன்று பார்த்தேன். வாசித்தவர்கள் டம்ளரைத் தேடினார்கள். மின்னழுத்தச் சீராக்கி ஏற்கெனவே பழகிய சொல்லாக இருப்பதால், 'வேகச்சீராக்கி' என்பதே என் தேர்வு.

கூடவே வரும் 'ஹண்டிங்' என்பதை 'வேட்டை' என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். சீராக்கி தேவைக்கு மேல் திருத்தி, மறுபடி எதிர்ப்பக்கம் திருத்தி, இன்ஜின் 'உர்ர்ர்… உர்… உர்ர்ர்' என்று ஏறியிறங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கீலில் தேய்மானமோ, மிகையான கூருணர்வோ இருந்தால் இது வரும். 1868-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கவர்னர்களைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, இத்தகைய அலைவு எப்போது அடங்கும், எப்போது வளரும் என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். 'ஊசலாட்டம்' என்றால் பட்டறையிலும் புரிந்துகொள்வார்கள்.