கன்ஃபாபுலேஷன்: பொய் இல்லை, இட்டுநிரப்பல்

நினைவு விட்டுப்போன இடத்தில் மூளை தானாகவே வேறொன்றை வைத்து நிரப்புவதைக் குறிக்கும் கன்ஃபாபுலேஷன் என்ற மருத்துவச் சொல்லைத் தமிழில் 'கட்டுக்கதை' என்று எழுதினால் எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் அந்த ஒரு சொல்லே நோயாளியைப் பொய்யனாக்கிவிடுகிறது.

வருஷக்கணக்காகக் குடித்தவர், பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று வாரமாகக் கிடக்கிறார் என்று வையுங்கள். காலையில எங்க போனீங்க அண்ணாச்சி என்று கேட்டால், "குறுக்குத்துறையில குளிச்சிட்டு நெல்லையப்பரக் கும்பிட்டுட்டு இப்பத்தான் வாரேன்" என்பார், கொஞ்சமும் தடுமாறாமல். "வாய்கூசாமப் பொய் சொல்லுதாவ பாருங்க" என்று வீட்டம்மா தலையில் அடித்துக்கொள்வார். பொய் என்றால் உண்மை தெரிந்திருக்க வேண்டும், மறைக்கும் எண்ணமும் வேண்டும். இவருக்கு இரண்டும் கிடையாது. புதிய நினைவு பதியவே இல்லை, அந்த வெற்றிடத்தில் மூளை ஏதோ ஒன்றைத் தானாகவே வைக்கிறது, அவரும் அதை முழுசாக நம்புகிறார். பல நேரம் அது என்றோ உண்மையாகவே நடந்ததுதான், நாள்தான் இடம் மாறியிருக்கும்.

லத்தீனில் 'கான்' என்றால் சேர்ந்து, 'ஃபாபுலா' என்றால் கதை, பேச்சு. இரண்டும் சேர்ந்த வினைக்கு முதலில் அளவளாவுதல் என்றுதான் பொருள், நோய்ப் பொருள் பின்னால் ஏறியது. இந்த மறதியை 1887-லிருந்து விரிவாக எழுதிய ரஷ்ய மருத்துவர் செர்கேய் கோர்சக்கோஃப், 'போலி நினைவு' என்ற பொருளில் வேறொரு சொல்லை ஆண்டார். தமிழில் 'புனைந்துரை' பரவாயில்லை, ஆனால் அதிலும் வேண்டுமென்றே புனைகிற வாடை இருக்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்புக என்று பள்ளிக்கூடத்தில் எழுதினோமே, அதுபோல 'இட்டுநிரப்பல்' என்பேன், 'நினைவு இட்டுநிரப்பல்' என்றால் இன்னும் தெளிவு.

சரி, நினைவு ஏன் பதியவில்லை? தயமின், அதாவது பி1 வைட்டமின், இல்லாமல் மூளை செல்லால் குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க முடியாது. (1936-ல் இதைச் செயற்கையாகத் தயாரித்துப் பெயரும் வைத்த ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நம் பக்கத்து நெல்லூரில்.) உடம்பில் இருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். புழுங்கல் அரிசியில் தயமின் ஓரளவு தங்குகிறது, ஆனால் குடிப்பவர் சோற்றையே ஒதுக்கிவிடுகிறார், உள்ளே போகும் கொஞ்சத்தையும் குடல் உறிஞ்சவிடாமல் சாராயம் தடுக்கிறது. மூளையின் நடு ஆழத்தில் நினைவுக்கான பகுதிகள் சிதைகின்றன.

அதற்கு முந்தைய கட்டத்தை 1881-ல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கி விவரித்தார்: கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம், குழப்பம். மூன்றும் ஒன்றாக வருவது குறைவு, ஒன்று தெரிந்தாலே ஓட வேண்டும். அந்த நேரத்தில் நரம்பு வழியாகத் தயமின் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம், விட்டுவிட்டால் கோர்சக்கோஃப் மறதி பலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை. இன்னொன்று, சோர்ந்து கிடக்கிறாரே, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க என்று நாமே கேட்போம் இல்லையா, அப்போது இவர் குடிப்பவர், பல நாளாகச் சாப்பிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தயமின் முன்னாலோ கூடவோ போகாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருக்கும் தயமினும் கரைந்து நிலைமை மோசமாகலாம். குடிக்காத நாளிலும் தள்ளாடுகிறார், பேச்சு குழம்புகிறது என்றால் போதை தெளியவில்லை என்று படுக்கப்போட்டுவிடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.