ரைட்டர்: எழுத்தாளர் அல்ல, உடன்குறிப்பு

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் 'ரைட்டர்' என்றொரு கருவி உண்டு. அது என்ன, தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் இறால் கூடை எடைக்கு வருகிறது. மொத்தம் 42 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூடைக்கு 2 கழிக்கும் செயற்கூறு, அதாவது ஒரு மதிப்பை வாங்கி விடை தரும் நிரல் துண்டு, (40, "கூடை 2") என்ற இணையைத் தருகிறது. ஐஸுக்கு 3 கழிக்கும் செயற்கூறு அந்த 40ஐ வாங்கி (37, "ஐஸ் 3") தருகிறது. இரண்டையும் கோக்கும்போது 40 மட்டுமே அடுத்ததற்குள் போகும். குறிப்புகள் தனியே ஒட்டி, (37, "கூடை 2, ஐஸ் 3") என்று வெளிவரும். ஹாஸ்கெல் மொழியில் இதுதான் 'ரைட்டர்' மோனாட். மோனாட் என்பது இப்படிக் கணக்குப் படிகளைக் கோக்கும் முறை. திரையில் எதையும் அச்சிடுவதில்லை, பொது மாறியைத் தொடுவதில்லை. அதனால் 42 கொடுத்தால் என்றைக்கும் அதே விடை, அதே குறிப்பு. சோதித்துப் பார்ப்பது எளிது.

'மோனாட்' கிரேக்கச் சொல்லான 'மோனாஸ்' வழி வந்தது, பொருள், ஒருமை. கணிதத்தில் இருந்த அதை நிரல்களின் பொருளை விளக்க 1989இல் கொண்டுவந்தவர் யூஜீனியோ மோகி. நிரல் எழுதுவோரிடம் பரப்பியவர் ஃபிலிப் வாட்லர்.

'ரைட்டர்' என்பதை 'எழுத்தாளர்' என்று பெயர்த்தால் கதை எழுதுகிறவர் நினைவுக்கு வருவார். காவல் நிலைய ரைட்டர் சற்று நெருக்கம்தான், ஆனாலும் அவர் ஓர் ஆள். இங்கே ஆளே இல்லை. விடையோடு கூடவே வரும் குறிப்புதான் இருக்கிறது. ஆகவே 'உடன்குறிப்பு' என்பதே பொருந்தும்.

பலரும் இடறுவது பிழை வரும் இடத்தில். ஐஸ் கழிவு மொத்த எடையை மிஞ்சினால் கணக்கு நிற்க வேண்டும். இதற்கு, விடை அல்லது பிழை தரும் 'பிழை வகை'யையும் ரைட்டரையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பிழை வகையின் மேல் ரைட்டர்-டி (மேலுறையாகும் ரைட்டர்) போர்த்தினால், பிழை வந்ததும் அதுவரை சேர்ந்த குறிப்பெல்லாம் மறைந்துவிடும். ரைட்டரின் மேல் எக்ஸெப்ட்-டி (மேலுறையாகும் பிழை வகை) போர்த்தினால் குறிப்பு தங்கும். படகில் வைத்த நோட்டு படகோடு போகும், கரையில் வைத்தது இருக்கும். எது ஏன் தவறியது என்று தேடத்தானே குறிப்பு? கரையிலேயே வையுங்கள்.

அடுத்தது நினைவகம். பட்டியலின் கடைசியில் ஒவ்வொன்றாக ஒட்டினால் இடப்பக்கம் முழுவதும் ஒவ்வொரு முறையும் நகலாகும். 10,000 குறிப்புக்கு ஏறத்தாழ 5 கோடி நகல். பட்டியலுக்குப் பதில், கடைசியிலும் எளிதாக ஒட்டக்கூடிய 'சீக்வென்ஸ்' என்ற வரிசை போதும். குறிப்புக்குப் பதில் கூட்டுத்தொகையைச் சேர்ப்பவர்களுக்கு வேறு சிக்கல்: ஹாஸ்கெல் தேவைப்படும்வரை கணக்கிடாது என்பதால், கூட்டாமல் விட்ட கணக்குகள் குவியும். ரைட்டரின் ஒரு வடிவத்துக்கு உள்ள 'ஸ்ட்ரிக்ட்' (உடனே கணக்கிடுவது) என்ற பெயரை நம்ப வேண்டாம். அது இணையை மட்டுமே திறக்கும், உள்ளிருக்கும் தொகையைக் கணக்கிடாது. தொகையை அவ்வப்போதே கணக்கிடும் 'சிபிஎஸ்' என்ற இன்னொரு வடிவத்தை எடுங்கள்.